மீதி ஒன்று

தலைமை ஆசிரியை அறையின் ஜன்னல் வழியாக மைதானம் தெரிந்தது.

எட்டாம் வகுப்பு டிரில்லுக்கு நின்றுகொண்டிருந்தது. அவளுடைய வகுப்பு. நேற்று வரை.

அறைக்குள் அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து டி.சி.க்காகக் காத்திருந்தார். வாசலில் நூல் மில்லின் வேன், இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. மூன்று வருட வேலை. தங்குவதும் மில் விடுதியில்தான்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சாந்தகுமாரி டீச்சருக்கு இன்னும் விஷயம் தெரியாது. கணக்கும் டிரில்லும் அவர்தான். தெரிந்தால் விடமாட்டார். போன வருடம் பேச்சியின் படிப்பை நிறுத்தியபோது, பேச்சி வீட்டு வாசலிலேயே போய் உட்கார்ந்து, மறுநாள் கையோடு கூட்டி வந்தவர்.

கூப்பிடலாம். பத்து எட்டு வைக்கும் தூரம்தான்.

அவளுக்குக் குரல் வராது. வகுப்பில் "உள்ளேன்" சொல்லவே வராது.

கூப்பிட வேண்டியதில்லை. டீச்சர் எண்ணினால் போதும். ஒன்று குறையும்.

வருகைப் பதிவேட்டில் அவள் கடைசி, இருபத்தொன்பது. ரோமன் எண் நடத்திய வாரம், எல்லோரும் தங்கள் எண்ணை நோட்டு அட்டையில் எழுதினார்கள். அவள் XXIX என்று எழுதினாள்.

"ஐ முன்னாடி வந்தா குறைக்கும். பின்னாடி நின்னா கூட்டும்" என்றார் டீச்சர்.

காரணிகளை நடத்தியது இதே மைதானத்தில்.

இரண்டிரண்டாக நிற்கச் சொன்னார். அவள் மிஞ்சினாள்.

நான்கு நான்காக. அவள் மிஞ்சினாள்.

ஏழு ஏழாக. அவளேதான்.

"இருபத்தொன்பது பகா எண். எப்படிப் பிரிச்சாலும் மீதி வரும்."

"ஏ மீதி!" என்றாள் ஸ்டெல்லா. அன்றிலிருந்து அதுவே பெயர்.

டிரில்லில் அவள் இடம் எல்லோருக்கும் பின்னால், தனியாக. அவளுக்கு அது பிடித்திருந்தது. பின்னால் நிற்கும் ஒன்று கூட்டும்.

"ஏழு ஏழா நில்லுங்க!"

டீச்சர் குரல்.

டீச்சர் தலைகளை எண்ணுவதில்லை. வரிசைகளைத்தான் பார்ப்பார். ஆள் இல்லாத இடம் பொக்கைப் பல் மாதிரி தெரியும் என்பார்.

முதல் வரிசை. ஏழு.

இரண்டாவது. ஏழு.

மூன்றாவது.

நான்காவது.

பொக்கை எங்கும் இல்லை.

"அடடா, அச்சடிச்ச மாதிரி நிக்கிறீங்களே இன்னைக்கு!"

வகுப்பு சிரித்தது. ஸ்டெல்லா மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

"முன்னாடி பாரு, ஸ்டெல்லா."

ஸ்டெல்லா முன்னால் பார்த்தாள்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் தலைமை ஆசிரியை. அப்பா பெருவிரலை நீட்டினார்.

படித்த வகுப்பு என்ற இடத்தில் VIII. மூன்று கோடுகள். நான்காவதாக ஒன்று பின்னால் வந்து நிற்கக் கூடாது. அதுவும் டீச்சர் சொன்னதுதான்.

வேனில் எல்லோருமே அவள் வயதுப் பெண்கள். ஏஜென்ட் கதவைப் பிடித்துக்கொண்டு விரல் நீட்டி எண்ணினார்.

"பத்து... பதினொண்ணு... ஏறு பாப்பா, பின்னாடி போ... பன்னெண்டு." டிரைவர் பக்கம் திரும்பினார். "மூணு ஷிஃப்டுக்கும் நாலு நாலு பேரு. சரியாப் போச்சு. எடுப்பா."

கடைசி இருக்கை. கண்ணாடி முழுக்கப் பஞ்சுத் தூசி.

அவள் விரலால் XI என்று எழுதினாள்.

வேன் மைதானத்தை ஒட்டித் திரும்பியது.

பின்னால் இன்னொரு கோடு இழுத்தாள்.

அந்தக் கோட்டின் அகலத்துக்கு மைதானம் தெரிந்தது. நான்கு வரிசைகளும் ஒன்றாகக் கையைத் தூக்கின.

பிறகு மதில்.