ஐம்பதைத் தாண்டாத வண்டி

ஐம்பது வரைக்கும் வழுக்கிக்கொண்டு போன வண்டி, அதைத் தாண்டியதும் புரையேறியவன் போலத் திணறியது. மோகன்ராஜ் ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகிப் பார்த்தான். விக்கி விக்கிக் கரும்புகையைக் கக்கியதே தவிர, முள் ஏறவில்லை. பின்னால் வந்த மணல் லாரி ஹாரனை அலறவிட்டு, அவன் தோளை உரசாத குறையாகக் கடந்து போனது.

புத்தூரில் இருக்கும் தன் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினான். போன வாரம் இதே வண்டியை அவனே சரிசெய்து, தொண்ணூறில் ஓட்டியும் பார்த்திருந்தான். அதற்குள் இதற்கு என்ன வந்தது?

"இன்னா மாமா, ரெடியா?" வாசலில் காத்திருந்தான் யோகேஷ். மோகன்ராஜின் மனைவி அம்சவேணிக்குத் தம்பி. பாலசமுத்திரத்துப் பையன், கம்பெனி வேலைக்காக அக்கா வீட்டில் தங்கியிருந்தான். "விடிஞ்சா பந்தயம். எனக்கு முன்னால எவனாவது அலிபிரி மலையடிக்குப் போய்ச் சேந்தா மீசைய எடுத்துடறேன்னு சொல்லிக்கீறேன்."

"மொதல்ல அது மொளைக்கட்டும்டா."

பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரிலிருந்து அம்சவேணி எட்டிப் பார்த்தாள். "ப்ளக்கு கருப்பாத்தான கீது? வெள்ளையா இல்லியே?"

"இரு, கழட்டிப் பாக்கறேன்."

கழற்றினான். முனையெல்லாம் கரி அப்பியிருந்தது. எதையும் விளக்கிச் சொல்லாமல் அவனுக்கு வேலை ஓடாது.

"இத பாரு மச்சான். கம்பெனி சைலன்சர் பொகைய கொஞ்சம் புடிச்சி வச்சி வுடும். நீ வாங்கி மாட்டிக்கீறது வெறும் கொழா. பொகை சர்ருனு வெளிய பூடும், அந்த வேகத்துக்கு உள்ள காத்து ஜாஸ்தியா வரும். காத்து ஏறினா பெட்ரோலும் ஏறணும். ஏத்தாத வுட்டா என்ஜின் சூடாகும், ப்ளக்கு சுண்ணாம்பா வெளுக்கும். கடைசில பிஸ்டன் உருகி இறுகிப் புடிச்சிக்கும். ஓடற ஓட்டத்துல பின் சக்கரம் அப்பிடியே நின்னுடும்."

"ரங்கனுக்கு ஆனாப்பல," என்றான் யோகேஷ். அவன் குரல் இறங்கியது.

சைலன்சரை மட்டும் மாற்றிக்கொண்டு போன பந்தயத்தில் ஓட்டியவன் ரங்கன். வடமாலப்பேட்டைக்கு இந்தப் பக்கம் சக்கரம் நின்று, லாரிக்கு அடியில் போய்விட்டான். அவனுக்குப் பக்கத்திலேயே அன்றைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன் யோகேஷ்.

"அதனாலதான் உன் கார்புரேட்டர்ல ஒரு சைஸு பெரிய ஜெட்டு போட்டேன். பெட்ரோல் வர்ற ஓட்டைதான் ஜெட்டு. போட்ட அன்னைக்கி ப்ளக்கு காப்பிக் கலர்ல அழகா இருந்திச்சி. இப்ப இந்தக் கரி எங்கேர்ந்து வந்திச்சி?"

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்து, ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அது அவன் போட்ட ஜெட் இல்லை. ஓட்டை அதைவிட நாலு சைஸ் பெரியதாக இருந்தது.

"எவனோ மாத்திக்கீறான்டா. வேலை தெரிஞ்சவன் பண்ணது. மெதுவா ஓட்டினா ஒண்ணும் தெரியாது, அப்ப பெட்ரோல் வேற வழியா வரும். முழுசா முறுக்கினாதான் இது வேலை செய்யும். பெட்ரோல் வெள்ளமா கொட்டி என்ஜினுக்கு மூச்சு முட்டும். லாரிய முந்தற நேரத்துல மூச்சு முட்டினா?"

கவுன்ட்டரில் அம்சவேணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சுனில்!" என்றான் யோகேஷ். "நாளைக்கி எங்கூடப் பந்தயம் ஓட்டறவன். கம்பெனில அவன் வண்டியும் என்துக்குப் பக்கத்துலதான் நிக்குது."

சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது. ஸ்பீக்கரில் சுனில் சிரித்தான். "ஏம்ரா, ரேப்பு ஒஸ்தாவா லேதா? நாளைக்கி வரலைன்னா இப்பவே சொல்லிடு நைனா, பஸ்ஸுக்கு டிக்கெட் நான் எடுத்துத் தரேன்."

யோகேஷ் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். மோகன்ராஜ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"சண்டைய அப்பறம் பாத்துக்கலாம். நல்ல ஜெட்டு போட்டா இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி பறக்கும். இந்தக் கிண்ணத்து வாஷருதான் கிழிஞ்சி பூடிச்சி. அம்சா, ஒண்ணு எடு."

"நம்ம கடைல தீந்து போச்சி," என்றாள் அம்சவேணி. "நீ போய் பஜார்ல வாங்கிக்கினு வாடா தம்பி."

யோகேஷ் முனகிக்கொண்டே தெருமுனை திரும்பினான்.

"ஒரு பந்தயத்துக்காக ஆளையே கொல்லப் பாத்துட்டானே பாவி," என்றபடி மோகன்ராஜ் சரியான ஜெட்டை எடுத்துப் பொருத்தி, ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். திருகுவதற்குள் அம்சவேணி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடு அம்சா. இத்த மாட்டலைன்னா உன் தம்பி நாளைக்கி லாரிய முந்தச் சொல்லோ திணறி நிப்பான்."

"அம்பதுல போறவன் எந்த லாரிய முந்தப் போறான்?"

மோகன்ராஜ் நிமிர்ந்து பார்த்தான். அவள் கீழே கிடந்த பெரிய ஜெட்டைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான்தான்யா மாத்தினேன், இது இருந்தா என்ஜினு உருகாது, வண்டி அம்பதைத் தாண்டாது, எந்தம்பி வூடு வந்து சேருவான்."