மின்னல் கீரி

வீடியோ கேமில் மகள் மறுபடியும் தோற்றாள். எதிரியின் தண்ணீர் முதலைக்கு முன்னால், மின்னல் கீரியை உட்கார வைத்துவிட்டு மண் ஆமையை இறக்கியிருந்தாள்.

"கீரியை என்ன, அழகு பாக்கவா வளர்க்கிறே?" என்று கிண்டலடித்தான் தாய்மாமன்.

"தண்ணி மேல மின்னல் வேலை செய்யாது மாமா. அம்மாதான் சொன்னாங்க."

"நல்லா சொன்னா உங்கம்மா. தண்ணியில நிக்கிறதுக்கு மின்னல் பட்டா..."

"டேய், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டே?" அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் அவன் அக்கா.

மகள் முகம் கழுவப் போனதும் தம்பி குரலைத் தாழ்த்தினான். "கூடப் படிக்கிறதெல்லாம் இவளை மக்குன்னு சொல்லுதாம்க்கா. ஒருநாளாவது ஜெயிச்சுட்டுப் போகட்டுமே."

"தோத்துக்கிட்டே இருக்கட்டும்டா. உனக்குப் புரியாது."

அவன் முறைத்துக்கொண்டு எழுந்து போனான். அவனுக்கு மட்டுமல்ல, ஊருக்கே அவள் சொல்லியிருந்தது, கணவன் இறந்தது மாரடைப்பில் என்றுதான். மோட்டார் அறையில் முழங்கால் தண்ணீரில் நின்று கணவன் வயர் மாற்றிக்கொண்டிருந்தபோது, அப்பாவுக்கு இருட்டாக இருக்குமே என்று ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டவள் மகள்தான்.