இணைக்கலாமா?

ஒவ்வொரு மனிதருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை இருந்த காலம் அது. தூத்துக்குடியில் உப்புக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதிய இரட்டையர் ஜெனிட்டாவுக்கும் ஜெசிந்தாவுக்கும் அறிவிப்பு வந்தது: 'உங்கள் கட்டுரைகள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இணைக்கலாமா?'

"சேத்துட்டுப் போகட்டும், நமக்கென்ன?" என்றாள் ஜெனிட்டா.

"வேண்டாம்ட்டி. எனக்குக் கப்பல்ல வேலை கிடைச்சிருக்கு. உன்னைய விட்டுட்டுப் போக மனசில்லாம, வரலைன்னு சொல்லிரலாம்னு இருந்தேன். இதப் பாத்ததும் போகணும்னு இருக்கு."

ஜெனிட்டா அவளையே பார்த்தாள். பிறகு போனை வாங்கி, 'தனித்தனியே இருக்கட்டும்' என்று அழுத்தினாள்.

"நீ என்னட்டி செய்வே?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"தெரியலயே," என்று சிரித்தாள் ஜெனிட்டா. அப்படித் தெரியாமலிருப்பது அவளுக்கு முதன்முறையாகக் குதூகலமாக இருந்தது.