மங்கல் பச்சை

தகர மூடியில் பெயின்டை ஒரு வீச்சு அடித்து, வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

சரியாக இருந்தது. அதுதான் வினை.

வெயில் பட்டும் துளி மினுக்கம் இல்லை. காய்ந்த பாசிபோல் கிடந்தது பச்சை.

மூடியைக் கவிழ்த்து வைத்தான்.

கராஜின் நடுவில் அந்தப் பழைய இராணுவ ட்ரக் நின்றது. ஏலத்தில் போய், கல் சுமந்து, கடைசியில் யாருடைய வளவிலோ கோழி அடைந்த வண்டி. படம் எடுக்கிறவர்கள் தேடிப்பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். சண்டை நடந்த அந்தக் காலத்தில் எப்படி இருந்ததோ, அப்படியே வேண்டுமாம்.

அப்படிச் சொன்ன உதவி இயக்குநருக்கு அந்தக் காலத்தில் பால்பற்கள்கூட விழுந்திருக்காது.

அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோதனைச் சாவடிகளில் இந்தப் பச்சைக்குப் பக்கத்தில் வெயிலில் காய்ந்தவன்.

ஊரில் கல்யாணக் கார்களுக்கு மினுக்கம் வைப்பதில் அவனை விட்டால் ஆள் இல்லை. மங்கல் வைப்பது வேறு வித்தை. பெயின்டில் வெள்ளைத் தூள் ஒன்றைக் கலக்க வேண்டும். தூள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். கிண்டிக் கிண்டி அடிக்காவிட்டால் மேலே நிற்கிற பெயின்ட் பளபளத்துத் தொலைக்கும்.

மூடிக்குக் கிண்டி அடித்தவன் ட்ரக்குக்குக் கிண்டவில்லை. வேண்டுமென்றே.

மனைவி தவமலருக்காகத்தான்.

அவளுடைய தம்பி குகதாசனை இப்படியொரு ட்ரக்கில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவன் வரவில்லை. இன்றைக்கும் பெரிய வண்டிச் சத்தம் கேட்டால் தவமலர் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள்.

மினுங்கினால் இது படக்காரரின் வண்டி. மங்கினால் இது அந்த வண்டி.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவர வேண்டாம், பாண் வாங்கிச் சாப்பிடுகிறேன் என்று காலையிலேயே அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். ஆனாலும் ஒரு இராணுவ ட்ரக் தெருவழியே இழுபட்டுப் போயிருக்கிறது. ஊர்வாய் சும்மா இருக்குமா?

கதவை அடித்தான். பக்கத் தகரத்தை அடித்தான். ஒவ்வொரு வீச்சுக்கும் வாசலைப் பார்த்தான்.

உதவி இயக்குநர் வந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, வெளிச்சம் போறதுக்கு முன்னம் வேணும்."

அவ்வளவுதான். மினுக்கத்தைப் பற்றி மூச்சும் விடவில்லை. போய்விட்டான்.

அப்பாடா என்று முகமூடியைக் கழற்றினான்.

வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம்.

தவமலர்.

கையில் சாப்பாட்டுப் பை.

ஓடிப்போய் குறுக்கே நின்றான். பெயின்ட் மணம், தலையிடிக்கும், வெளியே இருந்து சாப்பிடுவோம் என்று எதையெதையோ உளறினான். அவள் அவன் தோளைத் தொட்டு விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

பை விழப் போகிறது என்று காத்திருந்தான்.

விழவில்லை.

அவள் ட்ரக்கை முன்னிருந்து பின்வரை பார்த்தாள். கதவுக்குக் கிட்டப் போனாள். இன்னும் கிட்ட. ஈரப் பெயின்டில் மூக்கு முட்டிவிடும்போல் இருந்தது.

இந்த வேலையை ஏற்ற தன்னைத்தானே மனதுக்குள் திட்டினான்.

"அது இப்பிடி மினுங்கேல்லை," என்றாள்.

கைபடாமல் கதவைக் காட்டினாள்.

"கதவைப் பிடிச்சுக்கொண்டு எவ்வளவு நேரம் கெஞ்சினனான். ஒருக்காக்கூட என்ர முகம் அதில தெரியேல்லை."

குரல் உடையவில்லை. அதுதான் அவனை உடைத்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்தான்.

திரும்பியபோது அவள் பழைய டயர் ஒன்றை இழுத்துப்போட்டு, கதவுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். சீலைத் தலைப்பு மூக்கை மூடியிருந்தது.

"நீங்கள் அடியுங்கோ. சரி வந்தா நான் சொல்லுறன்."