நிறுத்தினால் போதும்

கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

'உங்கள் கார் சார்ஜ் ஆகத் தொடங்கிவிட்டது.'

கீழே இடத்தின் பெயர். அவள் எழுந்து உட்கார்ந்து மறுபடியும் படித்தாள்.

புற்றுநோய் மருத்துவமனை. பேஸ்மென்ட்.

காரை எடுத்துப் போனவன் அவள் கணவன் நவநீதன். ஒரகடத்தில் மீட்டிங் என்று சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பியிருந்தான்.

புதுக் கார். ஒயர் செருகும் வேலையே இல்லை. தரையில் பதித்த தகட்டின் மேல் கொண்டுபோய் நிறுத்தினால் போதும், சார்ஜ் தானாக ஏறிக்கொள்ளும். செய்தி அவள் எண்ணுக்கு வரும். நிறுத்திய இடத்தில் தகடு இருப்பதை அவன் கவனித்திருக்க மாட்டான்.

அழைத்தாள்.

ஒரகடத்தில்தான் இருப்பதாகச் சொன்னான். மாத்திரை போட்டாளா என்று கேட்டான். குரலில் பிசிறே இல்லை.

வைத்துவிட்டாள்.

வேறு பெண் விவகாரமாக இருந்தால்கூடத் தேவலை என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

ஏழாம் மாதம். அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் அவன் உடம்பையே நினைத்துக்கொண்டு போனாள். இளைத்திருந்தான். சரியாகச் சாப்பிடவில்லை. ஆபீஸ் அலைச்சல் என்றான், நம்பிவிட்டாள்.

பேஸ்மென்டில் அவர்கள் கார் நின்றது. தகட்டோரம் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

லிஃப்ட் திறந்தது.

நவநீதன் சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். தள்ளுகிறவன் அவன். உட்கார்ந்திருப்பது வேறு யாரோ.

போன உயிர் திரும்பி வந்தது.

பிறகுதான் நாற்காலியைப் பார்த்தாள். ஒரு முடிகூட இல்லாத தலை. புருவமும் இல்லை. யாரோ நோயாளி என்றுதான் முதலில் பட்டது.

அம்மா.

சித்திக்கு மூட்டு ஆபரேஷன் என்று கோயம்புத்தூருக்குத் துணைக்குப் போன அம்மா. தினமும் போனில் பேசுகிற அம்மா. கேமரா ரிப்பேர் என்று வீடியோவில் மட்டும் வராத அம்மா.

நவநீதன் அப்படியே நின்றுவிட்டான்.

அம்மா அவசரமாக முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"இந்த வயித்த வச்சுக்கிட்டு நீ எதுக்குடி வந்த?"

சண்டை போடத்தான் கிட்டே போனாள். முடியவில்லை. முந்தானையை மெல்ல விலக்கி, அந்தத் தலைமேல் உள்ளங்கையை வைத்தாள். அனலாகக் கொதித்தது. அம்மா கையைத் தள்ளிவிடவில்லை.

இத்தனை நாளும் எங்கே தங்க வைத்திருந்தாய் என்று நவநீதனைக் கேட்டாள்.

அம்மாதான் பதில் சொன்னாள்.

"உங்க வீட்டுக்குப் பின்தெருவுலதான். மாடியில நின்னா, பால்கனியில நீ உக்காந்திருக்கிறது தெரியும்."