குவாரிப் பள்ளத்துப் பச்சை

மரக்கன்றை லேசாகத்தான் இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

அடியில் வேர் இல்லை. சாய்வாக ஓர் அரிவாள் வெட்டு மட்டும், ஈரம் காயாமல் இருந்தது.

குவாரியை ஆய்வு செய்ய வந்த அதிகாரி அவள். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கிளையை வெட்டிக் கொண்டுவந்து மண்ணில் செருகிவிட்டு, இதற்குப் பெயர் தோப்பாம். துணி காயப்போடும் கொடிக்குக்கூட இதைவிட ஆழமாகக் கம்பு நடுவார்கள்.

பக்கத்தில் குவாரி மேனேஜர் இஸ்திரி கலையாத சட்டையில் நின்றார். தப்பு செய்தது அந்தக் குழிதான் என்பது போல அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அது ஒண்ணு மட்டும்தான் மேடம் அப்படி."

அடுத்ததைப் பிடுங்கினாள். அதற்கடுத்ததையும் பிடுங்கினாள். இரண்டிலும் அதே அரிவாள் வெட்டு.

கல்லெடுத்து முடித்த பள்ளத்தை மண் போட்டு நிரப்பி, அதில் மரம் வளர்த்துக் காட்ட வேண்டும். காட்டினால்தான் அடுத்த குன்றில் கைவைக்கலாம். சரி என்று சொல்ல வேண்டியவள் அவள். ஒரு முழுக் குன்றைத் தின்று ஏப்பம் விட்ட கூட்டம், மண்ணைக்கூட ஒழுங்காகக் கொட்டவில்லை. மேலாக ஒரு சாண் பூசி மெழுகியிருந்தார்கள். கிளறினால் ஜல்லித் தூள்.

இவர்கள் ஏமாற்றுவார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் அவளை இவ்வளவு மட்டமாக எடைபோட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஜீப்பை விட்டு இறங்க மாட்டாள், இறங்கினாலும் குனிய மாட்டாள், பச்சையைக் கண்டதும் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள் என்று காலையிலிருந்து இந்த மனுஷன் போன் மேல் போன் போட்டது ஏன் என்று இப்போது விளங்கியது. வெயில் ஏறினால் இலை சுருண்டுவிடும்.

சுருள ஆரம்பித்திருந்தது.

வேண்டுமென்றே நிதானமாக நடந்தாள். வரிசை வரிசையாகப் பிடுங்கி அவர் காலடியில் போட்டுக்கொண்டே போனாள். அவர் பின்வாங்கிக்கொண்டே போனார். வேலையாட்கள் தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டும் விட்டாள். அவர் பல்லை இளித்தார். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

போகட்டும். அடுத்த குன்று தப்பித்தது. அந்த நினைப்பே இனித்தது. பிடுங்கப் பிடுங்க உற்சாகம் கூடியது, வெட்கமில்லாமல் அதை அனுபவித்தாள்.

கடைசிக் கிளையைத் தூர வீசக் கையை ஓங்கியவள், ஓங்கியபடியே நின்றாள்.

புங்கை. தளதளவென்று பளபளக்கிற இலை. யாரோ கோடையிலும் தண்ணீர் விட்டு வளர்த்த மரத்தின் இலை.

சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் கல்லும் தூளும் முள்ளும்தான். ஆடு கடிக்க ஓர் இலை கிடைக்காத பூமி. இந்தப் பள்ளம் நிறையச் செருக இத்தனை கிளைக்கு எங்கே போனார்கள்?

மேனேஜர் பக்கம் திரும்பி அதையே கேட்டாள்.

மேனேஜர் அன்று முதன்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். இந்த ஒரு கேள்விக்காவது அவரிடம் உண்மையான பதில் இருந்தது.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய பள்ளத்துலதான் மேடம் வெட்டுனோம். போன தடவை நீங்கதானே அதைக் காட்டி, எனக்கு இதே மாதிரி பச்சையா வேணும்னு சொன்னீங்க."

எவனோ கல்லெடுத்துவிட்டு அம்போவென்று விட்டுப்போன பள்ளம் அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தக் கல்லில் எதுவும் முளைக்காது என்று சொன்னவர்கள் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல், அதில் முதல் கன்றை வைத்தவள் அவள்தான். அப்புறம் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மழை பொய்த்த வருஷங்களில்கூட, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, ஒரு மரத்தையும் சாக விடவில்லை.

வெயில் நன்றாக ஏறிவிட்டது.

அந்தப் பெண்கள் இந்நேரம் குடத்தோடு அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.