மாஸ்டர் வாயில் விழுந்த கேக்

“இது கேக்கா, கதவுக்கு முட்டுக்கொடுக்கிற கட்டையா?” என்றார் மாஸ்டர்.

அவள் அதை அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியிருந்தாள். விரலால் அழுத்தினால் மெத்தை போல் எழும்பியது. வாயைத் திறந்தால் இன்னும் நாலு திட்டு விழும்.

அந்த பேக்கரியில் அவளுக்குத் தட்டு கழுவுகிற வேலை. இன்று கரண்டி கைக்கு வந்தது ஓட்டல்காரர் ஒருவரால். புதிதாக ஓட்டல் திறக்கிறாராம், வாரா வாரம் பழ அடுக்குக் கேக் வேண்டுமாம். எல்லாம் கலந்து பொட்டலத்தில் வருகிற மாவு கூடாது, முட்டை உடைப்பதிலிருந்து எல்லாம் கையால் செய்திருக்க வேண்டும், செய்த ஆளையும் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டதும் மாஸ்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பொட்டலத்தைக் கிழிப்பதைத் தவிர வேறு வேலைக்கு அந்த முதுகு வளைந்து வெகுகாலம். “எனக்குச் செய்யத் தெரியும் முதலாளி, முன்ன வேலை பார்த்த வீட்டுல செஞ்சிருக்கேன்” என்று அவள் முன்னால் வந்தாள்.

“சார் சரின்னு சொன்னா கேக் மேசை உனக்கு. இல்லன்னா பழையபடி தட்டு கழுவுற தொட்டிதான்” என்றார் முதலாளி. சோடா அரித்துத் தோலுரிந்த விரல்களை அவள் மடக்கிக்கொண்டாள்.

விடிந்ததிலிருந்து மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிறார். முட்டையும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும்வரை அவள் கம்பியால் அடித்தபோது, “கேக்குக்கு அடிக்கிறியா, யார் மேலயாவது கோவமா?” என்றார். மாவைச் சலித்துச் சலித்துத் தூவியபோது, “கோலம் போட்டது போதும் மகராசி” என்றார்.

நறுக்கிய அன்னாசியையும் ஆப்பிளையும் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். “பாருய்யா, பழத்துக்குத் தொட்டில் கட்டியிருக்கா. தாலாட்டு எப்போ?”

“சாறு வடியலன்னா அடுக்கு வழுக்கிடும் மாஸ்டர்.”

“எனக்கே பாடமா? தட்டு கழுவுற கைக்குத் திமிரப் பாரு!”

கேக் ஆறியதும் நூலை இழுத்து மூன்று அடுக்காக அறுத்தாள். “நூலால அறுக்குறாளாம்! அப்புறம் ஊசியால க்ரீம் தடவுவா” என்றார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கிற வழக்கம் அங்கே இல்லை.

அடுத்த மேசையில், பன் போடுகிற அண்ணன் பொட்டல மாவில் செய்த கேக்கை இறக்கினார். நடுவில் கிணறு வெட்டியது போல் குழி. மாஸ்டர் எட்டிப் பார்த்து, “ம்… க்ரீமை ரொப்பி மூடிடு” என்றார். அவ்வளவுதான், ஒரு சுடுசொல் இல்லை.

அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அடுக்குக்கு அடுக்கு பாகு தெளித்து, க்ரீம் தடவி, பழத்தைப் பரப்பி, மேலே நடுவில் பார்த்து செர்ரியை வைத்தாள். அதற்கும் ஒன்று விழுந்தது: “கேக்குக்கு முடி சூட்டிட்டா, இனி நாட்டை ஆள வேண்டியதுதான்!”

வாசலில் ‘டங்’ என்று சத்தம். கதவருகே தாழ்வாக ஓடும் இரும்புக் குழாயில் நெற்றியை இடித்துக்கொண்டு, “அய்யோ அம்மா” என்றபடி முதலாளி உள்ளே வந்தார். கடைக்குச் சொந்தக்காரர்தான், ஆனால் கல்லாவை விட்டு இந்தப் பக்கம் வந்து பழக்கமில்லை. பின்னாலேயே, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே குழாய்க்குத் தலையைத் தாழ்த்தி ஓட்டல்காரர் நுழைந்தார். முதலாளியைவிட ஒரு சாண் உயரம்.

மாஸ்டர் எழுந்து நின்றார். அவர் யார் முகத்தையும் சரியாகப் பார்ப்பதில்லை. வேலைக்காரர் எல்லாரும் அவருக்கு ‘ஏய்’, வெளியாள் எல்லாரும் ‘சார்’.

அவள் ஒரு துண்டை வெட்டித் தட்டில் நீட்டினாள். மஞ்சளும் வெள்ளையுமாக அடுக்குகள் நேராக நின்றன. ஓட்டல்காரர் முள்கரண்டியை எடுப்பதற்குள் மாஸ்டர் ஆரம்பித்துவிட்டார்.

“சார், இத வெச்சு எங்க கடைய எடை போட்டுடாதீங்க. தட்டு கழுவுறவ, ஆசைப்பட்டா, விட்டோம். வாயில வெச்சா மண்ணு. க்ரீம் தடவியிருக்கறதப் பாருங்க, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. இவளுக்கும் கேக்குக்கும் ஏழாம் பொருத்தம்!”

அவள் தரையைப் பார்த்தாள். கண்ணீரை இந்த ஆள் எதிரில் மட்டும் விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஓட்டல்காரர் பொறுமையாகக் கேட்டார். “திட்டி முடிச்சிட்டீங்களா?”

“இன்னும் இருக்கு சார். உங்களுக்கு நேரமிருந்தா சொல்றேன்.”

“அங்க இருக்கே, அந்தக் கேக் எப்படி?” க்ரீமுக்குள் குழியை ஒளித்துக்கொண்டு நின்றதை அவர் காட்டினார்.

“அதுவா? அது பரவாயில்ல சார். கொறை சொல்ல ஒண்ணுமில்ல.”

ஓட்டல்காரர் தலையாட்டினார். கையிலிருந்த தட்டை ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் மேசைமேல் வைத்தார்.

முடிந்தது என்று அவள் நினைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அழுக்குத் தட்டுகள் குவிந்து கிடந்த தொட்டிப் பக்கம் திரும்பினாள். மாஸ்டரின் முதுகுவலி அந்த நொடியில் குணமாகியிருந்தது, விறைப்பாக நின்றார்.

“வாரா வாரம் கேக் இந்த அம்மா கையாலதான் வரணும்” என்றார் ஓட்டல்காரர். “வேற கை பட்டா நான் எடுக்கமாட்டேன்.”

முதலாளி நெற்றியைத் தேய்ப்பதை நிறுத்தினார். “சார்… நீங்க ருசிகூடப் பார்க்கலியே?”

“எதுக்குங்க? நானும் இந்த அடுப்படியில வேலை பார்த்தவன்தான். கேக் நல்லா வந்தாத்தான் மாஸ்டர் திட்டுவாரு.”